வீட்டு வாசலில் கார் சர்வீஸ்: கட்டுப்படியாகுமா?

கேள்வி: வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் வேகன்-ஆர் வைத்திருக்கிறேன். போன சர்வீஸ் பில்லில் பாதி வரிகள் என்னவென்றே புரியவில்லை. அந்தக் கோபத்தில் ஏர் ஃபில்டரை வாங்கி வந்து நானே மாற்றினேன். பத்து நிமிட வேலை, ஆனால் அன்றைக்குப் பூராவும் மனசு லேசாக இருந்தது. அடுத்து என்ஜின் ஆயிலையும் நானே மாற்ற ஆசை. "நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஸ்பேனர் வாங்கப் போறீகளா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். கட்டுப்படியாகுமா?
– வாசகர், திருநகர்

பதில்: கணக்குப்படி வீட்டில் சொல்வதுதான் சரி. உங்கள் வண்டிக்கு 10,000 கி.மீ.க்கு அல்லது வருடத்துக்கு ஒரு தடவைதான் ஆயில் மாற்ற வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் எங்கே மாற்றினாலும் காசுதான். மிச்சமாவது கூலி மட்டும். நல்ல பாக்ஸ் ஸ்பேனர் செட், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், ஜாக்கி, தூக்கிய வண்டியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு எல்லாம் வாங்கினால், போட்ட காசு திரும்ப வரப் பல வருடமாகும். ஆனால் ஷட்டில் மட்டை வாங்குகிறவரிடம் யாராவது கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்களா? மனசு லேசானது என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தச் செலவு அதற்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

காசாக வரும் லாபம் வேறு பக்கம் இருக்கிறது. தன் கையால் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தவரிடம், "அழுக்காயிருச்சு சார், மாத்திட்டோம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட முடியாது. என்ஜின் டிரெஸ்ஸிங், என்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம் என்று பில்லில் வரிசையாக வந்து உட்காருகின்றனவே, டிரெஸ்ஸிங் என்பது பானட்டைத் திறந்தால் பளபளவென்று தெரிவதற்கான பூச்சு. அது இல்லாமலும் வண்டி அப்படியேதான் ஓடும். வண்டியோடு வந்த கையேட்டில் இல்லாத எதையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வண்டியை விடும்போதே, "என்ன மாற்றினாலும் பழைய பாகத்தை டிக்கியில் போட்டுக் கொடுங்கள்" என்று ஜாப் கார்டில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் குறிக்கும் சீட்டில், எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரிக்கே பில் இளைப்பதைப் பார்க்கலாம்.

ஆயிலுக்குப் போகும் முன் சின்ன வேலைகளில் கை பழகட்டும். வைப்பர் பிளேடு, ஃபியூஸ், பேட்டரி டெர்மினல். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், மைனஸ் வயரை முதலில் கழற்றி, ஆப்ப சோடாவை வெந்நீரில் கலக்கித் தேய்த்து, நன்றாகத் துடைத்து, வாசலின் தடவி மாட்டுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசியாக. ஏசி ஃபில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பழைய மாடல்கள் சிலவற்றில் ஃபில்டரே இருக்காது, தேடி டேஷ்போர்டைப் பிரித்துவிடாதீர்கள். நம்மூர்ப் புழுதிக்கு அதை வெளியே எடுத்துப் பார்க்கிறவர் ஒருமுறை முகம் சுளிப்பார், பிறகு ஏசி காற்று பிய்த்துக்கொண்டு வரும்போது சிரிப்பார்.

ஆயில் வேலைக்குச் சமதளம் வேண்டும். வாசல் சரிவில் செய்யவே கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. தூக்கும் முன்பே ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே போங்கள். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயில் சீக்கிரம் வடியும். கொதிக்கும்போது கழற்றினால் கை வெந்துவிடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் புதியதை மாட்டினால் ஆயில் முழுக்கப் பீய்ச்சிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, ஃபில்டரைக் கையாலேயே இறுக்குங்கள். ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் டிரெயின் போல்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் மறை போய்விடும், அப்புறம் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பையே மாற்ற வேண்டி வரலாம். எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர் என்பது கையேட்டில் இருக்கிறது. கடைக்காரர், மெக்கானிக், மைத்துனர் யார் என்ன சொன்னாலும் கையேடே பேசட்டும். சித்திரை மாதமென்றால் விடிகாலையில் முடித்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் தரையில் முதுகு வைக்க முடியாது.

பிரேக், ஏசி கேஸ், பெட்ரோல் லைன், ஏர்பேக் வயர் நான்கையும் தொடாதீர்கள். இதில் ஆசைக்கு இடமில்லை.

ஒரு நோட்டில் தேதி, கி.மீ., போட்ட பொருள் எல்லாம் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். பின்னால் வண்டியை விற்கும்போது, சர்வீஸ் ரெக்கார்டு இல்லையே என்று விலையைக் குறைக்கிறவரிடம் அதைக் காட்டலாம்.

கேள்வி: டவுனில் ஒரு கடையில் ஆயில் ஃபில்டர் வாங்கினேன். மறையே பொருந்தவில்லை. திருப்பிக் கொடுத்தால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்ததைக் காட்டுகிறார் கடைக்காரர்.
– வாசகர், மேலூர்

பதில்: பில் கொடுத்திருக்கிறாரே, அதுவே உங்களுக்குப் பலம். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. திருப்பிக் கொடுக்கும் கெடு பில்லில் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாள். ஆனால் உங்கள் மாடலுக்குப் பொருந்தாத ஃபில்டரை நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் அது பொருளின் குறை ஆகாது. நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார், அவ்வளவுதான். முதலில் அட்டைப்பெட்டியில் உள்ள பாக எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் அந்தப் போனுக்கே இறங்கி வருவார்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பில்லில் பழைய 28 இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் புதுக் காரில் வைப்பரையும் ஹெட்லைட் பல்பையும் என் வீட்டுக்காரரே மாற்றினார். வாரன்டி போச்சு என்று சர்வீஸ் சென்டரில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: அதே வாட்ஸ் பல்புதானே? அப்படியானால் கவலை வேண்டாம். வணிகப் போட்டியில் முறைகேடுகளைக் கவனிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்த உத்தரவிலேயே, வெளியே பழுது பார்த்ததற்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போன உத்தரவு அது; ஆகையால் அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். "எந்த விதிப்படி என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். பயமுறுத்துகிறவர்கள் எழுதித் தரமாட்டார்கள். வயரை வெட்டி ஒட்டி அதிக வாட்ஸ் பல்போ கூடுதல் விளக்கோ போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. மின்சாரப் பாகத்துக்கு வாரன்டி கேட்டால் அதைச் சொல்லியே மறுப்பார்கள். வாரன்டி முடியும்வரை ஆயிலையும் அங்கேயே மாற்றுங்கள்.

கேள்வி: மாற்றிய பழைய ஆயிலை என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால் ஓடுகிறது.
– வாசகர், வில்லாபுரம்

பதில்: ஊற்றாதீர்கள். நம் மதுரைக் கிருதுமால் நதி பட்ட பாடு போதும். சட்டப்படியும் அது அபாயக் கழிவு. ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அவர்களுடைய கழிவு ஆயில் பேரலோடு சேர்த்துக்கொள்வார்கள். கரையானுக்குக் கதவில் பூசுகிறேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கருத்துப் போன என்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரை கொண்டு போகும். மாற்றும்போது உங்கள் கைக்கும் கையுறை வேண்டும்.