வாசகர் கேள்வி–பதில்: 34 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம், தமிழ்நாட்டில் ஓர் இடத்தைப் பிடிக்க 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. 234 பேர் கொண்ட பேரவையில் பெரும்பான்மை என்றால் 118 அல்லவா?

பதில்: 118 என்பது ஆட்சி அமைப்பதற்கான எண். மாநிலங்களவைத் தேர்தலிலும் அதே கணக்கைப் பின்பற்றினால், பேரவையில் பெரும்பான்மை பெற்ற கட்சியே எல்லா இடங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அதைத் தவிர்க்கத்தான் விகிதாசாரப் பிரதிநிதித்துவ அடிப்படையில் ஒற்றை மாற்று வாக்கு முறை வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் வேட்பாளர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார். எத்தனை இடங்கள் காலியாக இருந்தாலும் அவருக்கு வாக்கு ஒன்றுதான். முதல் விருப்பத்தவருக்கு அது தேவைக்கு மிஞ்சிப்போனாலோ, அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டாலோ, வாக்கு அடுத்த விருப்பத்தவருக்கு மாறும்.

தமிழ்நாட்டுக்குரிய 18 இடங்கள் ஆறு ஆறாகக் காலியாகின்றன. ஒரே தேர்தலில் பல இடங்கள் நிரப்பப்படும்போது ஒவ்வொரு வாக்கின் மதிப்பும் 100 என்று கொள்ளப்படும். 234 பேரும் செல்லத்தக்க வாக்களித்தால் மொத்த மதிப்பு 23,400. இதைக் காலியிடங்களைவிட ஒன்று கூடுதலான எண்ணால், அதாவது ஏழால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 3,343 வரும். 33 பேரின் வாக்கு 3,300 மட்டுமே என்பதால் 34-ஆவது உறுப்பினர் தேவைப்படுகிறார். ஆறால் வகுக்காமல் ஏன் ஏழால் வகுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஏழு பேர் இந்த எண்ணை எட்ட வேண்டுமானால் 23,401 வேண்டும், இருப்பதோ 23,400. ஏழாவது வேட்பாளருக்கு வழியே இல்லாதபடி அமைந்த மிகச் சிறிய எண் அது. கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தகுந்த அழகு இதில் இருக்கிறது.

இந்த எண்ணை எட்டாதவர் தோற்றுவிடுவார் என்றும் கொள்ள வேண்டாம். விருப்ப வாக்குகள் மாற்றப்பட்ட பிறகும் எண்ணை எட்டாமல் இருவர் எஞ்சினால், கடைசி இடம் அவர்களில் முந்தியிருப்பவருக்கே போகும். 2013-இல் ஆறு இடங்களுக்கு ஏழு பேர் போட்டியிட்டபோது, 31 வாக்குகள் பெற்ற கனிமொழி, 22 வாக்குகள் பெற்ற தே.மு.தி.க. வேட்பாளரை வென்றது இவ்வாறுதான்.

கேள்வி: இந்தத் தேர்தலில் இரகசிய வாக்கெடுப்பு இல்லை என்பது உண்மையா?

பதில்: உண்மை. பணம் வாங்கிக்கொண்டு மாற்றி வாக்களிப்பதைத் தடுக்க, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வெளிப்படை வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. கட்சியைச் சேர்ந்த உறுப்பினர், வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடுமுன் தம் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். வேறு யாரிடம் காட்டினாலும் வாக்கு செல்லாது. சுயேச்சை உறுப்பினர் யாரிடமும் காட்டக் கூடாது.

குஜராத்தில் 2017 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். மூன்று இடங்களுக்கு 176 பேர் வாக்களித்தனர். வெற்றிக்கான மதிப்பு 4,401 என்பதால் 45 வாக்குகள் வேண்டும். காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் பெற்றவை 44. ஆனால் கட்சிக்கு மாறாக வாக்களித்த காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர் தங்கள் வாக்குச்சீட்டுகளை உரிமையில்லாதவர்களிடம் காட்டிவிட்டதாக அக்கட்சி முறையிட, தேர்தல் ஆணையம் நள்ளிரவையொட்டி அவ்விரு வாக்குகளையும் செல்லாதவை என்று அறிவித்தது. எஞ்சிய 174 வாக்குகளுக்கு வெற்றி மதிப்பு 4,351 ஆகக் குறைந்தது. 44 வாக்குகளே போதுமானவையாகிவிட்டன.

கட்சியின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தவர் மீது கட்சி நடவடிக்கை எடுக்கலாம். அந்தக் காரணத்துக்காகக் கட்சித்தாவல் சட்டத்தின்கீழ் அவருடைய பதவி பறிபோகாது. கட்சி முகவரிடம் காட்ட வேண்டும், ஆனால் கட்சிக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற இந்த நிலை எனக்குச் சற்று விசித்திரமாகவே படுகிறது.

கேள்வி: மக்களவையைப் போல மாநிலங்களவையைக் கலைக்க முடியுமா?

பதில்: முடியாது. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வுபெறுவர்.

கேள்வி: ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவர் வேறொரு மாநிலத்தின் சார்பில் உறுப்பினராவது முறையா?

பதில்: சட்டப்படி முறைதான். போட்டியிடுபவர் அந்தந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்றுதான் முன்பு விதி இருந்தது. அது பல நேரங்களில் பெயரளவில் நின்றது. மன்மோகன் சிங் 1991-இல் அசாமிலிருந்து தேர்வானது அந்த விதி நடப்பில் இருந்த காலத்தில்தான். மேலே சொன்ன அதே 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், இந்தியாவின் எந்தத் தொகுதியிலும் வாக்காளராக இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2006-இல் இதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மத்தியப் பிரதேசத்திலிருந்து எல். முருகனும் கர்நாடகத்திலிருந்து நிர்மலா சீதாராமனும் உறுப்பினர்களானது இதன்படிதான். தீர்ப்பை மதிக்கிறேன். ஆயினும் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்ட பொருள்களின் பட்டியலில், உள்ள பொருள் குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டுமானால், அரசமைப்பின் 249-ஆவது பிரிவின்படி, வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவுடன் மாநிலங்களவைதான் முதலில் இசைவு தர வேண்டும். அந்த இசைவைத் தருபவர் அந்த மண்ணைச் சேர்ந்தவராக இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.