வேலையை விட்டால்தான் வாசிப்பு வருமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு பேஸ் கிதார் வாசிக்கிறேன். ஐந்து பேர் குழு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய சோல் பாட்டுகளும், நாங்களே செய்த சில பாட்டுகளும் வாசிப்போம். குழுவை ஆரம்பித்த பாடகர், இப்போது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கவேண்டும் என்கிறார். மெம்பிஸ் நகரத்து ‘புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ்’ குழுவை உதாரணம் காட்டி, “அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததால்தான் அப்படி வாசித்தார்கள்” என்கிறார். கீபோர்டு வாசிக்கும் பையன் கல்லூரி இரண்டாம் வருடம், அவனும் படிப்பை நிறுத்தும் யோசனையில் இருக்கிறான். டிரம்மர் இன்னொரு குழுவிலும் வாசிப்பதால் பாடகர் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு இரண்டு குழந்தைகள். மாட்டேன் என்றால் குழு உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. — பெயர், ஊர் வேண்டாம்

பதில்:

வேலையை இப்போது விடாதீர்கள், தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது, வேறு யாராவது வாய்விட்டுச் சொன்னால் தேவலை என்று காத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பாடகர் காட்டிய உதாரணத்தை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. அந்த மெம்பிஸ்காரர்களின் வாசிப்பு எனக்கு உயிர். அவர்கள் வாழ்ந்த விதம் அவர் சொல்வதற்குக் கிட்டத்தட்ட நேர்மாறு.

எம்ஜிஸ் குழு ஸ்டாக்ஸ் என்ற மெம்பிஸ் ரெக்கார்டு கம்பெனியின் சொந்தக் குழு, அங்கே பாட வந்தவர்களுக்கெல்லாம் பின்னால் வாசித்தது அவர்கள்தான். அந்தக் கம்பெனியை ஆரம்பித்த ஜிம் ஸ்டூவர்ட் ஒரு வங்கி ஊழியர். பகலில் வங்கி, மாலையில் ரெக்கார்டிங். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் வங்கியில்தான் வேலை பார்த்தார், தன் வீட்டை அடமானம் வைத்துத்தான் தம்பிக்கு டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். 1960-இல் மக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து, நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு அதையே ஸ்டுடியோ ஆக்கினார்கள். முன்பக்கம் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ஒரு ரெக்கார்டு கடை போட்டார். ஸ்டாக்ஸ் பாட்டுகள் நாடு முழுக்க விற்க ஆரம்பித்த பிறகும் சில வருடங்கள் ஜிம் வங்கி வேலையை விடவில்லை. அந்தக் கடையின் கல்லாவில் நின்று ரெக்கார்டு விற்ற பையன் யார் தெரியுமா? ஸ்டீவ் க்ராப்பர். எம்ஜிஸ் குழுவின் கிதார். ‘லாஸ்ட் நைட்’ என்ற 1961-ஆம் வருடத்து வெற்றிப் பாட்டைக் கொடுத்த மார்-கீஸ் குழுவோடு ஊர் ஊராகப் போனவர், சலித்துப்போய் பாதியில் திரும்பி வந்து மறுபடி கடையில் நின்றார். எந்தப் பாட்டு எதனால் விற்கிறது, வாங்க வருகிற ஆள் எந்த இடத்தில் தலையாட்டுகிறான் என்பதையெல்லாம் அங்கே நின்றுதான் படித்துக்கொண்டார். பின்னால் வில்சன் பிக்கெட், எடி ஃப்ளாய்ட், ஓடிஸ் ரெடிங் என்ற பாடகர்களோடு உட்கார்ந்து அவர் எழுதிய பாட்டுகளில் அந்தக் கடைக் கண்ணும் இருக்கிறது என்பேன்.

அப்புறம் அந்தக் கீபோர்டு பையன். கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அவன் விஷயம்தான். எம்ஜிஸ் குழுவில் ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸ் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே, ஒருநாள் நண்பன் டேவிட் போர்ட்டர் வகுப்பிலிருந்து அவரைக் கிளப்பி, பள்ளி இசைக்குழுவின் பாரிட்டோன் சாக்ஸஃபோனை எடுத்துக்கொண்டு ஸ்டாக்ஸுக்குக் கூட்டிப்போனார். அதுதான் முதல் ரெக்கார்டிங். 1962 கோடையில், 17 வயதில், ‘கிரீன் ஆனியன்ஸ்’. வேறொரு பாடகருக்காகக் கூடியிருந்த நேரத்தில் நாலு பேரும் சும்மா வாசித்துக்கொண்டிருந்ததை ஜிம் பதிவு செய்தார், ரெக்கார்டின் மறுபக்கத்துக்கு ஒன்று வேண்டும் என்று இதை வாசித்தார்கள், மறுபக்கம்தான் உலகம் சுற்றியது. கறுப்பின மக்களின் இசைக்கான ஆர் அண்ட் பி விற்பனை வரிசையில் முதலிடம், பாப் வரிசையில் மூன்றாமிடம். எந்தப் பையனாக இருந்தாலும் இனி எதற்குப் படிப்பு என்று நினைத்திருப்பான். புக்கர் டி அந்தச் சமயத்தில்தான் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப் போனார். வார இறுதிகளிலும் விடுமுறையிலும் சுமார் 400 மைல் காரில் வந்து ரெக்கார்டிங்கில் உட்கார்ந்தார். அவர் இல்லாத நாட்களில் ஆர்கன் முன்னால் உட்கார ஆள் தேவைப்பட்டது, அப்படி வந்தவர்களில் ஒருவர் ஐசக் ஹேய்ஸ். ஆக, ஒருவர் படிக்கப்போனதில் குழு உடையவில்லை, இன்னொரு பெரிய கலைஞருக்குக் கதவு திறந்தது. 1966-இல் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினார். பிற்பாடு கலிஃபோர்னியாவுக்குப் போய் பாடகர் பில் விதர்ஸின் முதல் ஆல்பத்தையும், 1978-இல் வில்லி நெல்சனின் ‘ஸ்டார்டஸ்ட்’ ஆல்பத்தையும் தயாரித்தவர் அவர்தான். சோல் ஆளுக்கு வில்லி நெல்சன் என்ற கன்ட்ரி இசைப் பாடகரின் குரலை வைத்து அப்படி ஒரு ஆல்பம் செய்ய வந்ததில் அந்தப் படிப்புக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பையனிடம் இதை நீங்கள்தான் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பாடகர் சொல்ல மாட்டார்.

டிரம்மர் விஷயத்தில் பாடகர் செய்வது அநியாயம். எம்ஜிஸ் குழுவின் டிரம்மர் அல் ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா இசைக்குழு நடத்தியவர், பையன் சின்ன வயதிலேயே டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டான். ஸ்டாக்ஸ் கூப்பிட்டபோது அவர் வில்லி மிட்செலின் குழுவில் கிளப்புகளில் வாசித்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். ஒரு ரெக்கார்டிங்குக்கு இத்தனை என்று வாங்குவதில் எனக்குக் கட்டாது, வாரச் சம்பளம் கொடுத்தால் வருகிறேன் என்றார். கொடுத்தார்கள். அதன் பிறகும், 1970-களின் ஆரம்பத்தில், அதே ஊரில் போட்டிக் கம்பெனியான ஹை ரெக்கார்ட்ஸில் பாடகர் அல் கிரீனுக்கு வாசித்தார். ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ பாட்டை எழுதிய மூன்று பேரில் அவரும் ஒருவர். இதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. ஒரு டிரம்மர் வேறு ஆட்களோடு வாசித்துவிட்டு வந்தால் அவர் கை இன்னும் விரியும், அந்தக் கை உங்கள் குழுவுக்கும் வேலை செய்யும்.

இங்கே கொஞ்சம் நின்று அந்த வாசிப்பைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். தியேட்டர் தரை சரிவாக இருந்தது, அதை மட்டப்படுத்தவே இல்லை. பெரிய கூடம். ஆரம்ப வருடங்களில் காதில் ஹெட்ஃபோன் கிடையாது. டிரம் அடி கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர ஒரு நூலிழை தாமதமாகும், காதை நம்பி வாசித்தால் எல்லோரும் பின்தங்குவார்கள். அதனால் க்ராப்பர், ஜாக்சனின் இடது கை ஸ்நேர் டிரம்மில் இறங்குவதைக் கண்ணால் பார்த்து அந்த நொடியில் தன் கம்பியைத் தட்டுவார். இரண்டாவது, நான்காவது அடியில் கிதாரும் ஸ்நேரும் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அந்தச் சத்தம் அப்படி வந்தது. டிரம்பெட், சாக்ஸஃபோன் ஊதுகிற ஹார்ன்ஸ்காரர்களுக்கும் எழுதிவைத்த நோட்ஸ் கிடையாது. ஓடிஸ் ரெடிங் பக்கத்தில் வந்து நின்று அந்தந்த வரியை வாயால் பாடிக் காட்டுவார், வேய்ன் ஜாக்சனும் ஆண்ட்ரூ லவ்வும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இதெல்லாம் வேலையை விட்டதால் வரவில்லை. அதே ஆட்கள் அதே கூடத்தில் மறுபடி மறுபடி உட்கார்ந்ததால் வந்தது. உங்கள் குழுவுக்கு நான் கேட்பேன், வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம், யார் வராவிட்டாலும் மீதிப் பேர் வாசிப்பது என்று ஒன்று இருக்கிறதா? கச்சேரி வந்தால் மட்டும் ரிகர்சல் என்றால், ஐந்து பேரும் வேலையை விட்டாலும் வாசிப்பு மாறாது.

நீங்கள் பேஸ் வாசிப்பவர் என்பதால் டொனால்ட் ‘டக்’ டன்னைப் பற்றி இரண்டு வரி. க்ராப்பரின் பள்ளி நண்பர். முதலில் கிதாரைத்தான் எடுத்தார், ஆறு கம்பியில் இரண்டு அதிகம் என்று பட்டதால் பேஸுக்கு வந்தார். அப்பா மிட்டாய் செய்கிறவர், இசையெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்ட தலைமுறை. ‘கிரீன் ஆனியன்ஸ்’ பேஸ் டன்னுடையது இல்லை, அது லூயி ஸ்டைன்பெர்க். டன் அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் குழுவுக்குள் வந்தார். வந்தவர் கடைசிவரை வாசித்தார். 2012 மே மாதம் டோக்கியோவில், முந்தைய இரவு க்ராப்பரோடு இரண்டு காட்சிகள் வாசித்துவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். 70 வயது. 36 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். “நாங்களே செய்த சில பாட்டுகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவை யார் பெயரில் இருக்கின்றன? வேலையை விடுவதா வேண்டாமா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ‘கிரீன் ஆனியன்ஸ்’ பாட்டை எழுதியவர்கள் என்று நாலு பேர் பெயரும் இருக்கிறது, டிரம்மர் பெயரும் பேஸ்காரர் பெயரும் உட்பட. டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிக்கு வாசித்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உலகமே முணுமுணுத்த பேஸ் வரிகளை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் போன்றவர்களின் பெயர் பல வருடங்கள் ரெக்கார்டு அட்டையில்கூட வரவில்லை. 1972-இல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியபோது அவர்களில் பெரும்பாலோர் பின்னால் விடப்பட்டார்கள். ஜேமர்சன் 47 வயதில் இறந்தார்.

எழுதிவைத்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். ஜிம் ஸ்டூவர்ட் 1965-இல் அட்லாண்டிக் கம்பெனியோடு விநியோக ஒப்பந்தம் போட்டார். நம்பிக்கை, பழக்கம், சரியாகப் படிக்கவில்லை. அட்லாண்டிக் கைமாறிய பிறகு, 1968-இல்தான் தெரிந்தது, அவர்கள் மூலமாக வெளியான ஸ்டாக்ஸ் பாட்டுகளின் மூலப்பதிவுகள் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. ஓடிஸ் பாடியது, சாம், டேவ் என்ற ஜோடி பாடியது, எல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விட்டது. வங்கியில் வேலை பார்த்த மனிதருக்கே இந்த கதி. நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், குழுவில் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டு யார், வரி யார், பேஸ் வரி யார் போட்டது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாடகர் இதற்கு முகம் சுளித்தால், முழுநேரப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

குழு உடைந்துவிடும் என்ற பயம். இதை லேசாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதே தெருவில் பார்-கேஸ் என்று ஒரு பிள்ளைகள் குழு இருந்தது. பள்ளிப் பையன்கள், அல் ஜாக்சன் போன்ற பெரியவர்களிடம் வாசிப்பு கற்றவர்கள். ‘சோல் ஃபிங்கர்’ பாட்டில் குழந்தைகள் கூச்சல் கேட்கும், ஸ்டுடியோ வாசலில் சுற்றிக்கொண்டிருந்த தெருப் பிள்ளைகளுக்கு கோக் வாங்கிக் கொடுத்துக் கத்தவைத்தது அது. அதே வருடம், 1967 டிசம்பர் 10-இல், ஓடிஸோடு கச்சேரிக்குப் போன விமானம் விஸ்கான்சினில் ஒரு ஏரியில் விழுந்தது. ஓடிஸும் குழுவில் நாலு பேரும் போனார்கள், அந்த நாலு பேருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. இருக்கை மெத்தையைப் பிடித்துக்கொண்டு மிதந்த டிரம்பெட்காரர் பென் காலி மட்டும் பிழைத்தார். பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் அந்த விமானத்தில் இடமில்லாமல் வேறு விமானத்தில் போனதால் தப்பினார். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து குழுவை மறுபடி கட்டினார்கள். ஐசக் ஹேய்ஸின் 1969 ஆல்பத்தில் வாசித்தது அந்தப் புது பார்-கேஸ்தான். அலெக்ஸாண்டர் தன் மகனுக்கு, இறந்துபோன சாக்ஸஃபோன் நண்பன் ஃபேலன் ஜோன்ஸின் பெயரை வைத்தார். அந்தப் பிள்ளையும் வளர்ந்து இசைத் தயாரிப்பாளர் ஆனான். குழுவைத் தூக்கி நிறுத்தியவர் ஒரு பேஸ்காரர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நீங்கள் வேலையை விடமாட்டேன் என்று சொல்வதால் உங்கள் குழு உடைகிறது என்றால், அது ஏற்கெனவே வேறு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அது அநேகமாக டிரம்மரோடு பேசாமல் இருக்கிற இடம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. அடுத்த ரிகர்சலுக்கு முன்னால் பாடகரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் வேலையை விடவில்லை, ஆனால் வாரத்தில் ஒரு நாள் மாலை தவறாமல் வருவேன் என்று சொல்லுங்கள், நாளையும் நேரத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். டிரம்மர் தன் மற்ற குழுவின் தேதிகளை ஒரு மாதம் முன்னாலேயே சொல்லட்டும், அதற்குமேல் அவரிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. பையன் பரீட்சை சமயத்தில் வராமல் இருக்கட்டும், அந்த வாரங்களுக்குக் கீபோர்டுக்கு இன்னொரு ஆளைப் பார்த்துவையுங்கள். ஒரு வருடத்துக்கு, ஒவ்வொரு கச்சேரியிலும் வந்த பணம், வண்டிச் செலவு, சவுண்டு சிஸ்டம் வாடகை, மிஞ்சியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த மிச்சம் உங்கள் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆறு மாதம் தொடர்ந்து வந்தால், அப்போது உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம்.