நீங்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் சதுரங்க ஆட்டம் எது?

ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனும் நம் விஸ்வநாதன் ஆனந்தும் ஆடியது, 2013 ஜனவரி. நெதர்லாந்தில் வைக் ஆன் ஸீ என்கிற கடலோர ஊரில் நடந்த டாடா ஸ்டீல் போட்டி, நான்காவது சுற்று. வெள்ளைக் காய்கள் அரோனியனுக்கு, ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 2802. ஆனந்துக்கு 2772. உலகப் பட்டம் அவரிடம்தான் இருந்தது. ஆனாலும் 'டிராவாகவே ஆடுகிறார், வயசாயிடுச்சு' என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

செமி ஸ்லாவ் என்கிற திறப்பு, அதாவது தொடக்க நகர்த்தல் வரிசை. (பலகையின் கட்டங்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்தும் 1 முதல் 8 வரை எண்ணும் சேர்ந்துதான் பெயர்.) 12ஆவது நகர்த்தலில் அரோனியன் குதிரையை ஜி5-க்கு ஏற்றி, அடுத்ததில் எச்7 சிப்பாயை வெட்டினார். ஆனந்த் அந்தக் குதிரையை உடனே வெட்டவில்லை. தன் குதிரையை ஜி4-க்குப் பாய்ச்சினார். அப்புறம் 15ஆவதாக பிஷப்பைக் கொண்டுபோய் சி5-இல் வைத்தார், நேராக வெள்ளைச் சிப்பாயின் வாயில்! அடுத்த நகர்த்தலில் இன்னொரு குதிரை ஈ5-க்கு. அதையும் சிப்பாயால் வெட்டலாம்.

வெட்டினால்? கருப்பு ராணி டி4-இல் செக். ராஜா மூலைக்கு ஓடினால் ராணி ஜி1-இல் போய் உட்கார்ந்து தன்னையே பலி கொடுக்கும். பிஷப் காவல் இருப்பதால் யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்2-இல் மேட், ராஜா தப்ப வழியே இல்லை. சொந்தக் காய்களே சுற்றி நின்று ராஜாவுக்கு மூச்சு முட்டும்.

அரோனியன் அதில் விழவில்லை. எஃப்8 யானையை வாங்கிக்கொண்டார். பலனில்லை. 23ஆவதாக ஆனந்த் பிஷப்பை ஈ3-இல் வைக்க, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். இந்தக் கடைசி நகர்த்தல் எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது. டி3-இல் இருந்த வெள்ளை ராணி அதே வரிசையில் எச்3 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது. பிஷப் நடுவில் புகுந்து அந்தப் பாதையை அடைத்துவிட்டது. இனி கருப்பு ராணி எச்3-இல் வெட்டினால் அதை வாங்க ஜி2 சிப்பாயும் அசைய முடியாது, பி7 பிஷப் தூரத்திலிருந்தே அதை ராஜாவோடு கட்டிப்போட்டிருக்கிறது.

இதில் பாதி, இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டோடு ஆனந்த் ஆடிய 2012 உலகப் பட்டப் போட்டிக்காகச் செய்த தயாரிப்புதானே என்று சிலர் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்ததைக் கடிகாரம் ஓடும்போது நினைவுபடுத்தி ஆட வேண்டாமா? நான் முந்தின நாள் படித்த திறப்பையே பலகை முன்னால் மறந்துபோகிற ஆள்.

இரண்டு பிஷப்புகளும் ராஜாவைக் குறிவைக்கும் அழகு பிடித்திருந்தால், 1907-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ரொட்லேவியை ரூபின்ஸ்டைன் வென்ற ஆட்டத்தையும் போட்டுப் பாருங்கள். அதிலும் வென்றவருக்குக் கருப்புக் காய்கள்தான், 25 நகர்த்தல்.