அந்தப் படத்தில் ஒரு பிரதி அவருக்கும் வேண்டும்

கேள்வி: அக்கா, என் ஊர் களுவாஞ்சிகுடி. வேலைக்காகக் கொழும்பு வந்து ஒன்றரை வருடமாகிறது, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சேர்த்த காசில் பாவித்த கமரா ஒன்று வாங்கினேன். தெருவில் மனிதர்களைப் படம் எடுக்க ஆசை. போன மாதம் புறக்கோட்டையில் கைவண்டியில் மூட்டை இழுத்துப் போன நாட்டாமைத் தொழிலாளி ஒருவரைத் தெருவின் மறுபக்கம் நின்று எடுத்தேன். அவர் கண்டுவிட்டார். வண்டியை நிறுத்திச் சிங்களத்தில் ஏசினார், ஆட்கள் கூடிவிட்டார்கள். படத்தை அழித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன். அதுக்குப் பிறகு கமரா அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. தெரியாத ஆட்களோடு எனக்குப் பேச வராது, சிங்களமும் அரைகுறை. இனி ஆட்களுக்குத் தெரியாமல் எடுக்கப் பழகுவதா, இல்லை இந்த ஆசையையே விட்டுவிடுவதா?
- பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்:

தங்கச்சி, விடவும் வேண்டாம், ஒளித்து எடுக்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன், ஏனென்றால் இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி கமராவைப் பற்றியதே இல்லை.

முதலில் அந்த நாட்டாமை அண்ணன். அவர் நின்ற இடத்தில் நின்று கொஞ்சம் பாருங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்வை ஒழுக, லொறிக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவில் அவ்வளவு பாரத்தை இழுத்துக்கொண்டு போகிறார். தெருவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை கறுப்பாக ஒன்றைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடிக்கிறது. எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஃபேஸ்புக்கில் போட்டுச் சிரிக்கவா, முதலாளிக்குக் காட்டவா, பொலிஸுக்கா? கிட்டப் போய்க் கேட்கவும் வழியில்லை, கையில் பாரம். ஏசத்தான் முடியும், ஏசினார். நீங்கள் படத்தை அழித்தது சரி. நின்று ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் ஆட்கள் கூடின இடத்தில் தனியாக நின்ற பிள்ளை ஓடாமல் என்ன செய்யும், அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

இப்போது என் அம்மாவின் கதை. 2005 தை மாதம், சுனாமியில் கடல் வந்து போய் மூன்று கிழமை. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிச்சம், நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இரண்டு கமரா தொங்க ஒருவர் வந்தார், முழங்காலில் இருந்தார், ஏழெட்டுத் தரம் அமத்தினார், எழும்பிப் போய்விட்டார். அம்மா நிமிர்ந்து பார்க்கும்போது ஆள் முற்றத்தைத் தாண்டிவிட்டார். ஒரு வருடத்துக்கு மேலான பிறகு உதவி நிறுவனம் ஒன்றின் கலண்டரில் அந்தப் படம் வந்தது. கீழே ஆங்கிலத்தில், பாதிக்கப்பட்ட பெண், கிழக்கு இலங்கை என்று போட்டிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்ட பேரை ஏன் போடல்ல?"

அந்தக் கலண்டரை நாங்கள் எறியவில்லை. அந்தத் தாளை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினோம். கல்யாணப் படம், எங்கள் சின்ன வயதுப் படங்கள், அப்பாவின் படம் எல்லாம் அல்பத்தோடு கடலுக்குள் போய்விட்டன, அடையாள அட்டைகூட மிஞ்சவில்லை, அம்மாவின் முகம் என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். நல்ல படம் தங்கச்சி. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து அம்மாவின் கை நரம்புகூடத் தெரியும். எடுத்தவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. பெயரைக் கேட்டு, ஒரு பிரதியும் தந்திருந்தால், அம்மா சாகும்வரை அவரை வாழ்த்திக்கொண்டே இருந்திருப்பார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. 1936இல் அமெரிக்காவில் டொரோதியா லாங் என்ற புகைப்படக்காரர், கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த கூலி ஆட்களின் முகாமில் ஒரு தாயைப் படம் எடுத்தார். இரண்டு பிள்ளைகள் தோளில் முகத்தை மறைத்திருக்க, கையைக் கன்னத்தருகே வைத்தபடி தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தாயை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பெயரைக் கேட்கவில்லை என்று லாங் பிற்காலத்தில் தானே எழுதினார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது, அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. உலகம் முழுக்கப் போன அந்த முகத்துக்குரியவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது வெளியே தெரிய 1978 ஆகிவிட்டது. அவர் சொன்ன மனக்குறைகளில் ஒன்று, லாங் பிரதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பவே இல்லை என்பது. நாற்பத்திரண்டு வருடம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார் பாருங்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்குப் பேச வராது என்றால் நான் நம்பமாட்டேன், சந்தையில் மீன் விலை கேட்டு வளர்ந்த ஆள் நீங்கள். வராமல் இருப்பது முதல் வாக்கியம் மட்டும்தான். நம் ஊரில் முதல் வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றுதான்: எந்த ஊர், யார்ர பிள்ளை? இங்கே அது அன்பு. கொழும்பில் அதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள், அதுவும் வயதான தமிழ் ஆட்களிடம். பெயர் என்ன, ஊர் எது, எங்கே தங்கியிருக்கிறாய், ஏன் வந்தாய் என்று சோதனைச் சாவடிகளில் பதில் சொல்லியே பாதி ஆயுள் போனவர்கள் அவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஊரைக் கேட்டுக்கொண்டு கமராவையும் தூக்கினால் முகம் இறுகாமல் என்ன செய்யும்?

அவர் கையில் இருக்கும் வேலையைப் பற்றிக் கேளுங்கள். காலிமுகத்திடலில் இறால் வடை போடுகிறவரிடம், இறால் தலையோடு போடுவது ஏன் என்று கேளுங்கள். செருப்புத் தைக்கிறவரிடம் அந்த ஊசி எங்கே வாங்கியது என்று கேளுங்கள். தன் வேலையைப் பற்றி ஒருவர் உண்மையாகக் கேட்டால் பதில் சொல்லாத தொழிலாளியை நான் கண்டதில்லை, ஏனென்றால் யாரும் அவர்களிடம் அதைக் கேட்பதே இல்லை. கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்கவும் வேண்டும், கண் வெளிச்சத்தையும் பின்னணியையும் தேடிக்கொண்டிருந்தால் அவருக்கு விளங்கிவிடும். முதல் இரண்டு மூன்று முறை கமராவைப் பையை விட்டு எடுக்கவே வேண்டாம். வடை வாங்குங்கள், ஒரு பிளேன்டீ குடியுங்கள், நின்று பேசிவிட்டு வாருங்கள்.

சிங்களம் அரைகுறை என்பது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய தடையில்லை. புறக்கோட்டையில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர், முதலில் தமிழில் கேட்டுப் பாருங்கள். முஸ்லிம் ஆட்களை நம் பக்கம் காக்கா என்போம், அங்கே நானா என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்புவார்கள். சிங்கள ஆட்களிடம் "அய்யே", "அக்கே", "அம்மே", உறவுமுறை நமக்குக் கிட்டத்தட்டத்தான். "ஃபொட்டோ எகக் கன்னத?", படம் ஒன்று எடுக்கவா, அவ்வளவுதான். நன்றிக்கு "இஸ்தூதி" தெரியும்தானே. உங்கள் உச்சரிப்பு பிழைத்து அவர் திருத்தினால் இன்னும் நல்லது, அந்த நேரத்தில் அவர் ஆசிரியர், நீங்கள் பிள்ளை, பயம் இரண்டு பக்கமும் போய்விடும்.

வேண்டாம் என்று சொல்வார்கள். நிறையப் பேர் சொல்வார்கள். அப்போது முகத்தைச் சுருக்காமல் சரி என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சை முடிக்கும் வரைக்கும் நில்லுங்கள். படம் இல்லை என்றதும் நடையைக் கட்டினால், இவ்வளவு நேரம் பேசினது படத்துக்காகத்தான் என்று அவருக்குப் பட்டுவிடும், அடுத்து வருகிற யாரோடும் அவர் பேசமாட்டார்.

ஓம் என்றதும் இன்னொன்று நடக்கும், பார்த்திருப்பீர்கள். ஆள் சாரத்தை இறக்கி விட்டு, சேர்ட் பொத்தானைப் பூட்டி, ஸ்டூடியோவில் நிற்பது போல விறைத்து நிற்பார். இயல்பாக நில்லுங்கள் என்று சொல்லாதீர்கள். அந்தப் படத்தையும் எடுங்கள், அது அவர் விரும்புகிற படம், வீட்டில் மாட்டுகிற படம். எடுத்துக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், அவர் திரும்ப வேலையில் கை வைப்பார், நீங்கள் தேடுகிற முகம் அப்போது வரும்.

கமரா விஷயம் கொஞ்சம். தூரத்தில் நின்று சூம் பண்ணி இழுக்க வேண்டாம், இரண்டு மூன்று எட்டுத் தூரத்தில் நின்று எடுங்கள். 18-55 மி.மீ. சூம் லென்ஸ் என்றால் 35இல் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள், கிட்டப் போவதும் பின்னே வருவதும் கால் செய்யட்டும். நடக்கிற ஆட்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 செக்கனுக்குக் குறையாமல் இருக்கட்டும், ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். அப்புறம் ஒன்று, நாங்கள் கிழக்குக் கரை ஆட்கள், சூரியன் கடலில் இருந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், நமக்குக் கடலோர வெளிச்சம் என்றால் காலைதான். காலிமுகத்திடலில் அது மாறி, சூரியன் கடலுக்குள் போகும். பின்னேரம் நாலரை ஐந்துக்குப் பிறகு கடலைப் பார்த்து நிற்கிற ஒவ்வொரு முகத்திலும் அந்த மஞ்சள் வெளிச்சம் நேரே விழும், நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் போதும். ஊருக்கு வருகிற நாட்களில் கல்லடிப் பழைய பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களோடு பழகிப் பாருங்கள், மீன் கடிக்கும்வரை அவர்களுக்கும் பேச்சுத் துணை வேண்டும்.

ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதெல்லாம் களவு என்று நான் சொல்லமாட்டேன். பட்டம் விடுகிற கூட்டம், மழைக்கு ஒதுங்கின சனம், ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. தனி ஒருவரின் முகம்தான் படம் என்றால் கேளுங்கள். கேட்டால் அந்தக் கணம் போய்விடும் என்றால் எடுத்துவிட்டு நேரே போய்க் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். நியூயோர்க்கில் வோக்கர் எவன்ஸ் என்பவர் 1938 முதல் 1941 வரை கோட்டுக்குள் கமராவை ஒளித்துச் சுரங்க ரயிலில் பயணிகளை எடுத்தார், பெரிய கலைஞர், அவர்கூட அந்தப் படங்களைப் புத்தகமாக்க 1966 வரை பொறுத்திருந்தார். இன்றைக்கு எடுத்த முகம் ஐந்து நிமிடத்தில் ஊரெல்லாம் போய்விடுகிறது. தெருவோரத்தில் நித்திரை கொள்கிறவர், அழுகிறவர், கை ஏந்துகிறவர், இவர்களை எடுக்கவே வேண்டாம். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேட்காமல் கூடாது. படையினர், சோதனைச் சாவடி, துறைமுகப் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால் முதலில் உள்ளே இருக்கிறவர்களிடம் கேளுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று அங்கேயும் நம் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் ஒரே காலையில் குண்டு வெடித்தது, பையோடு நிற்கிற புது முகத்தை அந்தச் சனம் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பெண்பிள்ளை தனியாகக் கமராவோடு போவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். முதல் சில கிழமை ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது பின்னால் வந்து தொந்தரவு செய்தால் பக்கத்துக் கடைக்குள் ஏறிவிடுங்கள். மற்றப்படி, நீங்கள் பெண் என்பதாலேயே உங்களோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். செட்டியார் தெருக் கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மாமார் ஓர் ஆண் கமராக்காரருக்குத் தலையைக் குனிந்துகொள்வார்கள், உங்களுக்குப் பக்கத்தில் இடம் தருவார்கள். அங்கே இருந்து தொடங்கலாம்.

ஆனால் அதற்கு முதல் அந்த நாட்டாமை அண்ணனிடம் ஒருக்கால் போய் வாருங்கள். கமரா இல்லாமல். அவர்கள் வண்டியோடு வழக்கமாக ஓர் இடத்தில்தான் நிற்பார்கள், தேடினால் கிடைப்பார். "சமாவென்ன அய்யே", மன்னியுங்கள் அண்ணா, என்று சொல்லுங்கள், மற்றது தானாக வரும். அவர் திரும்ப ஏசினாலும் கேட்டுக்கொண்டு வாருங்கள், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. சிரித்தார் என்றால் இன்னொரு நாள் கமராவோடு போய்க் கேட்டு எடுங்கள். எடுத்த படத்தை ஃபோனுக்கு அனுப்புகிறேன் என்று விட்டுவிடாமல், 4க்கு 6 அங்குல அளவில் கழுவி எடுத்துப் போங்கள், பெரிய செலவில்லை. பின்பக்கம் திகதியை நீங்கள் எழுதுங்கள். பெயர் எழுதுவதற்குப் பேனையை அவர் கையில் கொடுங்கள்.