கடிக்கிற ஷூ: பாறையேறிகளின் கேள்விகளுக்குப் பதில்

மழை ஓய்ந்து டர்பன் பக்கத்துப் பாறைகள் காயத் தொடங்கியதும் ஷூ கேள்விகள் குவிந்துவிட்டன. எழுதும்போது எங்கே ஏறுகிறீர்கள், பாதம் அகலமா ஒல்லியா என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லி எத்தனை முறை கேட்பது? பாதிப் பேர் இந்த முறையும் சேர்க்கவில்லை.

எந்த ஷூ நல்லது? (பீனிக்ஸ்)

எதற்கு? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

வாரம் ஒருமுறை உள்ளரங்கச் சுவரில் ஏறுகிறேன். முதல் ஷூ வாங்க வேண்டும். (மெர்பேங்க்)

அடி தட்டையாக, கொஞ்சம் விறைப்பாக, வெல்க்ரோ பட்டையோடு இருக்கட்டும். ரப்பர் 5 மி.மீ. தடிமனுக்குக் குறைய வேண்டாம். புதிதாக ஏறுகிறவர்கள் காலை வைப்பதைவிடச் சுவரில் தேய்ப்பதுதான் அதிகம், 3.5 மி.மீ. ரப்பர் சில மாதங்களில் ஓட்டையாகிவிடும். வளைந்த மூக்கு ஷூ இப்போது வேண்டவே வேண்டாம்.

வாட்டர்வால் போவன் பாறைகளில் ஏறினால் கெண்டைக்கால் எரிகிறது. உள்ளரங்கில் போடும் அதே மெல்லிய ஷூதான். (லெனேசியா)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அங்கே நிமிர்ந்த சுவரில் விரல் நுனி அகல விளிம்புகளில் நிற்க வேண்டும். மெத்தென்ற ஷூவில் அந்த வேலை முழுவதையும் கெண்டைச்சதை செய்கிறது. விறைப்பான அடியும் கெட்டி ரப்பரும் உள்ளதாகப் பாருங்கள். விப்ராம் எக்ஸ்எஸ் எட்ஜ் ரப்பர் அந்த ரகம். இப்போதுள்ள ஷூவை வீசிவிட வேண்டாம், சரிவுப் பாறையில் உள்ளங்காலை அப்பி ஏற அதுதான் நல்லது.

ஜூலையில் செடர்பெர்க் மலையிலுள்ள ராக்லாண்ட்ஸ் போகிறோம். நண்பர் தன் வளைந்த ஷூவை இரவல் தருகிறார். (சாட்ஸ்வொர்த்)

கூரைபோல் கவிந்த போல்டர்களுக்கு (கயிறில்லாமல் ஏறும் தாழ்வான பெரும்பாறைகள்) வளைந்த ஷூ சரிதான். ஆனால் பழகிய ஷூ அவர் பாதத்தின் அச்சாக மாறியிருக்கும். குதிகால் பகுதியில் காற்று நின்றால் ஹீல் ஹுக் போட்டு, அதாவது குதிகாலைப் பாறையில் மாட்டி, இழுக்கும்போது ஷூ கழன்று வரும். போட்டுப் பார்த்துவிட்டு இரவல் வாங்குங்கள். செடர்பெர்க் மணற்கல் ரப்பரைத் தின்னும் என்பதை நண்பரிடமும் சொல்லிவிடுங்கள். குளிர்காலக் காலையில் ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். ஏறுமுன் சிறிது நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்திருங்கள்.

கடையில் இரண்டு சைஸ் குறைத்துக் கொடுத்தார்கள், வலி தாங்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்துப் போட்டால் இளகுமாமே? மகனுக்கும் (வயது 13) அப்படியே வாங்கிவிட்டேன். (டோங்காட்)

இந்த 'இரண்டு சைஸ் குறைத்து வாங்கு' புராணத்தை எத்தனை முறை அடித்தாலும் எழுந்து வந்துவிடுகிறது. உள்துணி இல்லாத தோல் ஷூக்கள் கிட்டத்தட்ட ஒரு சைஸ் வரை விரியும். இரண்டு சைஸ் குறைப்பது அந்த ஷூக்கள் காலத்துப் பேச்சு. உள்துணி வைத்த தோல் அரை சைஸ் விரிந்தால் அதிகம். செயற்கைத் தோல் ஏறக்குறைய விரியவே விரியாது. எதில் செய்தது என்று கேட்காமல் எண்ணை மட்டும் குறைத்துக் கொடுப்பவர் ஷூ விற்கத் தெரிந்தவர் இல்லை. எண்ணும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நம் ஊரில் பிரிட்டிஷ் எண் சொல்வோம், பெட்டியில் ஐரோப்பிய எண் இருக்கும்.

மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள். விரல்கள் முன்னால் தொட்டு லேசாக மடங்கலாம். முன்னாலும் குதிகாலிலும் வெற்றிடம் கூடாது. ஒரு சின்ன விளிம்பில் ஐந்து பத்து நிமிடம் நில்லுங்கள். இறுக்கம் இருக்கலாம், மரத்துப்போனாலோ, விரல் முட்டியில் ஊசி குத்தினாலோ திருப்பிக் கொடுங்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு தீ மிதிக்கிறவர் வலி தாங்குவதில் அர்த்தம் உண்டு. பாறைக்கு யாரும் நேர்ந்துகொள்ளவில்லை.

வெந்நீர் வேண்டாம். பசை இளகும், தோல் காய்ந்ததும் முறுகும், செயற்கைத் தோலுக்கோ ஒன்றுமே ஆகாது. சைஸ் சரியாக இருந்தால் வீட்டில் டிவி பார்க்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுக் கழற்றுங்கள். இரண்டு வாரம் சுலபமான ஏற்றங்களில் மட்டும் பழக்குங்கள். நுழையவில்லை என்றால் காலில் மெல்லிய பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு நுழைக்கலாம். உங்கள் ஷூ இதிலெல்லாம் தேறாது. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மகனுடையதை இன்றே திருப்புங்கள். வளர்கிற எலும்பு அது. கட்டைவிரல் சாய்ந்து பக்கத்தில் எலும்பு புடைத்துவிட்டால் பின்னால் வருந்திப் பயனில்லை. பிள்ளைகளுக்கு விரல் நேராக நீளும் சைஸ்தான், சீக்கிரம் சின்னதாகிப் போனாலும் சரி.

சைஸ் சரிதான், ஆனாலும் கட்டைவிரல் நுனி வலிக்கிறது. (மெர்பேங்க்)

நகத்தை வெட்டுங்கள்.

டேபிள் மவுண்டனில் நாள் முழுக்க நீளும் ஏற்றங்கள், நடுவில் விரிசல்கள். எது எடுக்கலாம்? (கேப்டவுன்)

விவரத்தோடு கேட்டிருக்கிறீர்கள், நன்றி. விரிசலில் காலை நுழைத்துத் திருகும்போது உள்ளே விரல்கள் தட்டையாகக் கிடக்க வேண்டும். மடங்கிய முட்டிகள்தான் நசுங்கும். லா ஸ்போர்ட்டிவா டிசி ப்ரோ மாதிரிக் கணுக்காலை மூடுகிற விறைப்பான ஷூ கல்லில் உரசும் எலும்பையும் காக்கும். நாள் முழுக்க என்றால் மெல்லிய சாக்ஸுக்கு இடம் விட்டு, சொன்னபடி மாலையில் போட்டுப் பார்த்து எடுங்கள். பிலே இடங்களில் (நின்று கூட்டாளிக்குக் கயிறு பிடிக்கும் இடங்கள்) குதிகாலை மட்டும் வெளியே எடுத்து ஓய்வு கொடுங்கள். முழுதாகக் கழற்றினால் காராபினர் கொக்கியில் மாட்டாமல் விடாதீர்கள்.

புது ஷூ வழுக்குகிறது. (மான்டெசீல் பாறைகளுக்குப் போய்வந்த வாசகி)

புது ரப்பரின் மேல் வழுவழுப்பான படலம் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, உள்ளங்கையால் சூடேறத் தேயுங்கள். அதே ஷூவோடு கார் நிறுத்துமிடத்துச் செம்மண்ணிலும் நடந்திருப்பீர்கள், அதையும் நிறுத்துங்கள்.

ஷூ நாற்றம் போக? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வாயை விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். ஜனவரி வெயிலில் கார் டிக்கியில் வைத்தால் நாற்றம் போகாது, பசைதான் போகும்.

முன் நுனியில் ஓட்டை, படம் இணைத்துள்ளேன். அடி மாற்றலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், இன்னொருவர்)

பார்த்தேன், விரலே தெரிகிறது. அடி ரப்பரின் விளிம்பு தேய்ந்து உருண்டதும், மேலே சுற்றியுள்ள ஓர ரப்பர் தேயத் தொடங்குமுன் அனுப்பியிருக்க வேண்டும். இப்போது ஓர ரப்பரையும் மாற்ற வேண்டும். செலவு கூடும், வடிவமும் முன்போல் வராது. இதற்குப் பணம் போடாமல் புதிது வாங்குங்கள்.