காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, குடல் புற்றுநோய். கீமோவுக்கு முன் எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஏன்? வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மண்டபம்

பதில்: வயதைவிட உடல்வலுதான் முக்கியம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், விழும் அபாயம் அதிகம். சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போகும்; கடற்கரை மணலில் சிப்பி கிழித்தாலும் தெரியாது. செருப்பில்லாமல் அனுப்பாதீர்கள்.

பெரும்பாலும் கீமோ கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள், கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையும். 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருந்தால் சூடு தணியும், கிருமி உள்ளே பரவும். முதியவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராது; திடீர்க் குழப்பமும் சோர்வும்தான் அறிகுறி. அதற்கும் உடனே போங்கள்.