விட்ட நாளுக்கு வட்டி கட்ட வேண்டாம்

வாசகர் கேள்விகள்: இந்த முறை உடற்பயிற்சி

கேள்வி: மாதக்கணக்கில் தவறாமல் காலையில் 40 நிமிடம் நடந்துவந்தேன். போன வாரம் வேலை நெருக்கடியில் 3 நாள் விட்டுப்போனது. நான்காம் நாள் சேர்த்து நடந்துவிடலாம் என்று நினைத்தேன், அதற்கும் நேரம் அமையவில்லை. அப்படியே வாரம் முழுக்கப் போய்விட்டது. இப்போது ஷூவைப் பார்த்தாலே மனசு உறுத்துகிறது. உடம்பு எவ்வளவு கெட்டிருக்கும்?

பதில்: முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். உங்கள் எடை 65 கிலோ என்று வைத்துக்கொண்டால், 40 நிமிட வேக நடைக்கு ஏறக்குறைய 170 கலோரி செலவாகும். மூன்று நாளுக்கு 500 சொச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால், விட்ட 3 நாளின் மதிப்பு 65 கிராம் சொச்சம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எடை மெஷினில் ஏறினால் இதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

மூச்சு வாங்குவது வேறு விஷயம். பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்கும். அதனால் திரும்பிப் போகிற முதல் நாள், அதே வேகத்துக்கு நாடி சற்றுக் கூடுதலாக அடிக்கலாம். "எல்லாம் போச்சு" என்று தோன்றுவது இதனால்தான். போனது திறன் இல்லை. சில நாள் நடந்தால் இந்த மாற்றம் சரியாகிவிடும். இதயமும் நுரையீரலும் பழகிய திறன் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்க இரண்டு வாரமாவது ஆகும்.

ஆக, அந்த 3 நாள் உங்களை ஒன்றும் செய்யவில்லை. கெடுத்தது நான்காம் நாள். விட்டது 120 நிமிடம், அன்றைக்கானது 40, ஆக மொத்தம் 160 நிமிடம் என்று மனசு கடன் சீட்டு எழுதிவிட்டது. அவ்வளவு நேரம் கிடைக்காது என்று தெரிந்ததும், கையில் இருந்த 20 நிமிடமும் வீணானது. 'முழுக்க நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்கு' என்பார்களே, அதேதான். குடியை விட்டவர்கள் ஒரு மடக்கு குடித்ததும் ஏன் முழுசாக வழுக்கிவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதே வழுக்கலை விளக்கியிருக்கிறார். தவறியதற்கு "நான் இப்படித்தான், உருப்படமாட்டேன்" என்று காரணம் சொல்லிக்கொள்பவர் மேலும் வழுக்குவார். "அன்று மீட்டிங் 9 மணி வரை இழுத்தது" என்று சூழ்நிலையைச் சொல்பவர் மறுநாள் எழுந்துவிடுவார். சாக்குப்போக்கு மாதிரி இருந்தாலும் இரண்டாவதுதான் சரியான நோயறிதல். மீட்டிங்கை வைத்து ஏதாவது செய்யலாம், 'நான் இப்படித்தான்' என்பதை வைத்து என்ன செய்வது?

எனவே காலண்டரில் விட்ட நாளுக்கு எதிரே காரணத்தை மூன்று நான்கு சொல்லில் எழுதுங்கள். திட்டு எழுத வேண்டாம். ஒரு மாதத்தில் ஒரே காரணம் மூன்று முறை வந்தால் நேரத்தை மாற்றுங்கள். கூடவே, முடியாத நாளுக்கென்று ஒரு குட்டித் திட்டத்தை இப்போதே முடிவு செய்துவையுங்கள். உதாரணமாக, "காலை 7 மணிக்குள் கிளம்ப முடியாவிட்டால், சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும் முன் 10 நிமிடம் நடப்பேன்." 'எப்படியாவது நடப்பேன்' என்பது திட்டம் ஆகாது; மணியும் இடமும் இருக்க வேண்டும்.

நான்கைந்து நாள் இடைவெளி என்றால் பழைய அளவிலேயே தொடரலாம். ஒரு வாரம் என்றால் முதல் நாள் 25 நிமிடம், அடுத்த நாள் 40. இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பாதியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிம்மில் திங்கள் கால், புதன் மார்பு-தோள், வெள்ளி முதுகு. புதன்கிழமை விட்டால் வெள்ளியன்று இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். கிழமைப் பெயரை அழித்துவிட்டு 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். போகிற நாள் எதுவானாலும் அடுத்த எண். வெள்ளியன்று 2, திங்களன்று 3. இந்த முறையில் 'விட்டது' என்று ஒன்று கிடையாது, வரிசை கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவுதான்.

மூன்று வாரம், ஒரு மாதம் கழித்துத் திரும்புபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பழைய எடையைத் தூக்கவும் முடியும். ஆனால் எடையை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குகிறதே, அந்த இழுவையைத் தாங்கும் பழக்கம் குறைந்திருக்கும். குற்றவுணர்வில் 4 செட்டை (ஒரே பயிற்சியின் சுற்றுகளை) 6 ஆக்கினால், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் படி இறங்க முடியாத வலி வரும், வந்த உற்சாகமும் அதோடு போய்விடும். முதல் வாரம் பாதி செட், பழைய எடையில் 60 சதவீதம் போதும். அரிதாக, அளவு மீறிய பயிற்சியில் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு. கடும் வலி, வீக்கத்தோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: 21 நாள் தொடர்ந்து செய்தால்தான் பழக்கமாகுமாம். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இந்த 21, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகம் கண்ணுக்குப் பழக 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். உடற்பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிலிப்பா லாலி குழுவினர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் அச்சானது. ஒரு செயல் பழக்கமாக 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம், நடுவாந்தரம் 66 என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. செல்போன் ஆப்பில் 'ஸ்ட்ரீக்', அதாவது விடாமல் செய்த நாள் கணக்கு, அறுந்து பூஜ்யம் காட்டினால் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த அறிவிப்பை அணைத்துவிட்டு, மாதத்தில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: வார நாட்களில் சுத்தமாக முடியவில்லை. சனி, ஞாயிறு மட்டும் செய்தால் பலன் உண்டா?

பதில்: உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரக் கணக்கு: மிதமான பயிற்சி 150 முதல் 300 நிமிடம், தசைப் பயிற்சி 2 நாளாவது. ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் என்றிருந்த விதியையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் நிறையச் செய்வதால், முதல் 10 நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். காயம் அங்கேதான் பிடிக்கும்.

கேள்வி: காய்ச்சலில் படுத்திருந்தாலும் ஓடப் போகவில்லையே என்று தவிப்பாக இருக்கிறது. இது நல்ல ஒழுக்கம்தானே?

பதில்: இல்லை. காய்ச்சலில் இதயம் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது. மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் சூடு வராமல் இருந்த பிறகு, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் 15 நிமிடம் நடந்து பாருங்கள். மறுநாள் அசதி கூடவில்லை என்றால் ஓடலாம். நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அடிபட்ட காலோடும் ஓடுகிறீர்களா? ஓடாத நாளில் சாப்பாட்டைக் குறைத்து ஈடுகட்டுகிறீர்களா? வீட்டு விசேஷத்தைக்கூடப் பயிற்சிக்காகத் தவிர்க்கிறீர்களா? இதில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், ஒரு மனநல ஆலோசகரிடம் இந்தக் கேள்வியை இப்படியே கேளுங்கள்.